பாவாத்தாளுக்கு என்ன செய்கிறது

மார்கழி 1, திங்கள்

எழுது புள்ளை. இந்த நோட்டு டாக்டரம்மாவிடம் காட்டுவதற்கு.

என் பெயர் பொங்கியண்ணன். மாட்டுத் தரகன். என் சம்சாரம் பாவாத்தாளுக்குத் தைராய்டு. கழுத்துக்குள்ளே ஒரு சுரப்பி இருக்கிறதாம், அது இவளுக்குச் சரியாக வேலை செய்யவில்லையாம். பத்து வருசத்துக்கு மேலாக விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடுகிறாள். இத்தனை நாள் ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது ரெண்டு மூன்று மாசமாக வீட்டில் ஒரே படபடப்பு, எரிச்சல், சண்டை. குண்டா விழுந்தால் சண்டை, விழாவிட்டால் அதுக்கு ஒரு சண்டை.

கோயமுத்தூரில் இருக்கிற மகள் செல்வராணியிடம் போனில் சொன்னேன். "தைராய்டு ஏறினாலும் எறங்கினாலும் மனசு அப்படித்தான் ஆகுமுங்கப்பா. மாத்திரை அளவை மாத்தணுமோ என்னமோ. பொங்கல் கழிஞ்சதும் டாக்டர்கிட்டப் போலாம். அதுவரைக்கும் அம்மாளுக்கு என்னென்ன செய்யுதுன்னு நாள் போட்டு எழுதி வையுங்க" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். சரியாகவில்லை என்றால் அம்மாவைத் தன் வீட்டுக்கே கூட்டிப் போய்விடுவாளாம். மேல்மாடியில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறதாம். போனில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்றேன்.

எனக்கு எழுத்து வராது. பாவாத்தாள் எட்டாவது வரைக்கும் போனவள். ஆகையால் அவளுடைய சீக்கை அவளே எழுதுகிறாள். நான் பேசுவதைப் பள்ளிக்கூடத்துத் தமிழில் எழுதலாம், ஆனால் ஒரு சங்கதியைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். எழுதி முடித்ததும் படித்துக் காட்ட வேண்டும். என்னை ஏமாற்ற முடியாது. காதில் ஒரு தரம் விழுந்தது எனக்கு மறக்காது. ராணி பிறந்த வருசம் விற்ற மயிலைக் காளைக்கு எந்தப் பக்கம் சுழி இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். வலப் பக்கம். சிரிக்காதே. சிரித்ததை எழுதாதே.

இன்றைக்குப் பார்த்தது: காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காத்தாடியை நிறுத்திவிட்டாள். எனக்கு வேர்த்து ஊற்றுகிறது, இவளுக்குக் குளிருகிறதாம். "மார்கழிப் பனியில காத்தாடி போடறது இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தானுங்க" என்கிறாள். எதிர்த்துப் பேசுவது அதிகமாகியிருக்கிறது. குறித்துக்கொள்.

மார்கழி 2, செவ்வாய்

சந்தைக்குப் போய் வந்தேன். வந்ததும் அரிசியும் பருப்பும் சாதம் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன், அப்புறமும் பசித்தது. எழுபத்தொரு வயசில் இந்தப் பசி யாருக்கு வரும். பாவாத்தாள் சாப்பிடாமல் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பசி குறைந்திருக்கிறது.

மார்கழி 4, வியாழன்

துணி துவைப்பதிலும் கோளாறு. என் பனியனையெல்லாம் கல்லில் அடித்து அடித்துப் பெருசாக்கிவிட்டாள். தோள் வழியாக இறங்குகிறது. வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. அரைஞாண் கயிறு கூட நழுவுகிறது. அதையும் கல்லில் அடித்தாயா என்று கேட்டேன். "அதை எப்படிங்க நான் அடிப்பேன், உங்க இடுப்புலயில்லீங்க கெடக்குது" என்றாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு எதையோ சொல்கிறாள்.

பேனாவை நிறுத்திவிட்டு என் கழுத்தையே பார்க்கிறாள். எழுது புள்ளை.

மார்கழி 9, செவ்வாய்

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். டாக்டரம்மா டவுன்காரி, சந்தை பார்த்திருக்க மாட்டாள்.

எங்கள் சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசுவதில்லை. விற்கிறவனுக்கு ஒரு தரகன், வாங்குகிறவனுக்கு ஒரு தரகன். ரெண்டு பேர் கை மேலும் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தால் ஒரு தொகை, அழுத்தினால் ஒரு தொகை. சுற்றி நூறு பேர் நின்றாலும் தொகை எங்கள் ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. எனக்கும் அர்த்தனாரிக்கும் முப்பது வருசப் பழக்கம். அவன் கையும் என் கையும் பேசுகிற நாயத்துக்கு வாயே தேவையில்லை.

இன்றைக்கு ஒரு ஜோடிக் காளை. விற்க வந்த காட்டுக்காரர் என் ஆள், வாங்க வந்தவர் அர்த்தனாரியின் ஆள். துண்டுக்குள் பேசி முடித்தோம். துண்டை எடுத்துவிட்டுத் தொகையைச் சொன்னால், நான் ஒன்று சொல்கிறேன், அவன் வேறொன்று சொல்கிறான்! வாங்க வந்தவர் எகிறிவிட்டார். "துண்டுக்குள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணா? உங்களுக்கெல்லாம் நாணயம் வேண்டாமா?" என்றார். தரகனை அதைவிடக் கேவலமாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. எனக்கு நெஞ்சு திமுதிமுவென்று அடித்தது. நான் கத்தின கத்தலில் மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன.

அர்த்தனாரி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டான். "தப்பு என்னோடதுதானுங்க. வயசாயிருச்சு, விரலு மரத்துப் போச்சு. அண்ணன் சரியாத்தான் புடிச்சாரு, நான்தான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றான். காட்டுக்காரர் காளைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அர்த்தனாரி ஒத்துக்கொண்டது நல்லது. வயசு யாரை விட்டது. என்னைவிட நாலு வயசு இளையவன், பாவம். இனிமேல் நீ சந்தைக்கு வராமல் இருப்பதே நல்லது என்று அங்கேயே அவனிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

இதை ஏன் இந்த நோட்டில் எழுதச் சொல்கிறேன் என்றால், வீட்டுக்கு வந்து சொன்னதும் பாவாத்தாள் என் கையைப் பிடித்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். நான் உதறிவிட்டேன். உடனே அழுதாள். நாணயம் போனது எனக்கு, அழுகை இவளுக்கு. சம்பந்தமில்லாத அழுகை. தைராய்டு.

மார்கழி 10, புதன்

இன்றைக்கு அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இதை எழுதுவதற்காக மட்டும் பேசுகிறேன்.

மார்கழி 13, சனி

அர்த்தனாரி வீட்டுக்கு வந்தான். நான் களத்தில் இருந்தேன். வருவதற்குள் பாவாத்தாளும் அவனும் வாசலில் நின்று என்னமோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள்.

"என்னடா ரகசியம்?"

"ரகசியம் என்னுங்ண்ணா. அக்கா மோரு குடுத்தாங்க. குடிச்சேன்."

"மோரு குடிக்கவா எட்டு மைல் சைக்கிள் மிதிச்சு வந்தே?"

"அக்கா மோருக்குப் பதினாறு மைலும் மிதிக்கலாமுங்ண்ணா" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான். திட்டினால் கூட அதில் சர்க்கரை போட்டுக் குடிப்பான்.

போகும்போது என் கையைப் பிடித்தான், சும்மா, பழக்கத்தில் பிடிக்கிற மாதிரி. உடனே விடவில்லை. "கை கோழிக்குஞ்சாட்டமாத் துடிக்குதுங்ண்ணா. ஒருதரம் டாக்டரைப் பாருங்களேன்" என்றான். மரத்துப்போன விரலுக்கு எது துடிக்கிறது எது நிற்கிறது என்று எப்படித் தெரியும்? அதையே கேட்டேன். அவன் சைக்கிளை எடுத்தான்.

அவன் போனதும் நீ ஏன் வாசல் கதவுக்குப் பின்னால் நின்றாய்? எழுது. கதவுக்குப் பின்னால் நின்றாள். காரணம் சொல்லவில்லை.

மார்கழி 20, சனி

இப்போதெல்லாம் எனக்குத் தூக்கம் கிடையாது. கோயிலில் ரேடியோ போடுவதற்கு முன்னாலேயே எழுந்து தோட்டத்தைச் சுற்றி நடக்கிறேன். பாவாத்தாள் மூச்சு விடுகிற சத்தம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

நடக்கும்போது ஒரு பழைய சங்கதி ஞாபகம் வந்தது. கல்யாணமான புதுசு. இவளைச் சந்தை பார்க்கக் கூட்டிப் போனேன். பச்சைச் சேலை, தலையில் கனகாம்பரம், காலில் என்னுடைய பழைய செருப்பு. அங்கே ஒரு எருமையை நான் விற்றுக் கொடுத்தேன். கன்றை வேறொருத்தன் வாங்கிவிட்டான். எருமை கத்தியது. இவள் போய் எருமைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "கன்னு இல்லாம இதை ஓட்டக் கூடாதுங்க" என்கிறாள். வாங்கினவன் இழுக்கிறான், இவள் விடவில்லை. சந்தையே கூடிவிட்டது. "தரகன் பொண்டாட்டியே யாவாரத்தை முறிக்கிறாளே!" என்று சிரிக்காத ஆள் இல்லை. கடைசியில் நான் அவன் காலையும் இவன் காலையும் பிடித்து, தாயையும் கன்றையும் ஒரே வீட்டுக்கு ஓட்டிவிட்டேன். என் தரகும் போயிற்று.

அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். என்னைச் சந்தையில் பொறுமைக்காரத் தரகன் என்றுதான் சொல்வார்கள். இப்போது என்னைக் கோபப்பட வைக்கிற அளவுக்கு இவள் மாறிவிட்டாள் என்றால், இவளுக்கு எவ்வளவு முற்றியிருக்க வேண்டும். எனக்கு வெசனமாக இருக்கிறது, டாக்டரம்மா. நல்ல மருந்தாகக் கொடுக்க வேண்டும்.

ஏன் கண்ணைத் துடைக்கிறாய்? மை கலையும்.

மார்கழி 26, வெள்ளி

ராணி போன் செய்தாள். மேல்மாடி அறைக்கு வெள்ளை அடித்துவிட்டாளாம். அம்மாளுக்குக் கட்டில் வாங்கியாகிவிட்டதாம். போகட்டும். இவள் நன்றாக இருந்தால் சரி. எனக்கு என்ன, சோறு பொங்கத் தெரியாதா? தெரியாது. தெரியாது என்பதை எழுத வேண்டாம்.

தை 1, செவ்வாய்

பொங்கல். சண்டை இல்லை. காலையில் நடந்தது சண்டை இல்லை, கரும்பு சம்பந்தமான பேச்சு.

தை 2, புதன்

மாட்டுப் பொங்கல். கட்டுத்தறியில் மண் குழைத்துச் சின்னத் தெப்பக்குளம் கட்டி, மாடுகளுக்கு முன்னால் பொங்கல் வைத்தோம். ராணி வந்திருந்தாள். அர்த்தனாரியைக் கூப்பிடவில்லை. முப்பது வருசத்தில் அவன் இல்லாத மாட்டுப் பொங்கல் இதுதான்.

பொங்கல் பானையை இறக்கும்போது பாவாத்தாள், "கொஞ்சம் தள்ளிக்கங்க, உங்க கை நடுங்குது, நான் இறக்கறேன்" என்றாள். எல்லார் முன்னாலும் சொன்னாள். எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நடுங்குகிறது என்று சொல்ல நீ யார் என்றேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன். நான் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் இதை மட்டும் சொல்ல மாட்டேன். பானை அவள் கையிலிருந்து நழுவி, கொதிக்கிற பொங்கல் அவள் வலது பாதத்தில் கொட்டிவிட்டது.

நழுவி என்று எழுது.

ஏன் பேனா நின்றுவிட்டது? நழுவி என்றே எழுது புள்ளை.

தை 7, திங்கள்

ராணி காரில் வந்து எங்கள் ரெண்டு பேரையும் டவுனுக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா வயசில் சின்னவள், ராணியைவிட இளசு. முதலில் பாவாத்தாள் பாதத்தைப் பார்த்துக் கட்டு மாற்றச் சொன்னாள். பிறகு போன வாரம் பாதத்துக்குக் கட்டுப் போட்டபோது எடுத்த ரத்தச் சீட்டைப் பார்த்தாள். "அம்மாவுக்கு எல்லாம் சரியா இருக்கே. மாத்திரையை இதே அளவுல போடுங்க போதும்" என்றாள்.

"சரியா இருக்குதா? வீட்டுல வந்து ஒரு நாள் இருந்து பாருங்கம்மா" என்று நோட்டைக் கொடுத்தேன்.

டாக்டரம்மா முதல் பக்கத்தில் ஆரம்பித்துப் படித்தாள். எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். பனியன் சங்கதி வருகிற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டு சங்கதிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அதை ரெண்டு தரம் படித்தாள் போலிருக்கிறது.

"இதை எழுதினது யாருங்க?"

"எழுதினது நானுங்க. சொன்னது அவருங்க" என்றாள் பாவாத்தாள்.

"ஐயா, நீங்க இந்த நாற்காலிக்கு வாங்க."

"பேசண்டு அவளுங்கம்மா."

"தெரியுதுங்கய்யா. சும்மா ஒரு சந்தேகம். ரெண்டு கையையும் முன்னால நீட்டி விரலை விரிங்க."

நீட்டினேன். மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் விரல்கள் மேல் வைத்தாள். தாள் சலசலவென்று ஆடியது. காத்தாடியைப் பார்த்தேன். ஓடவில்லை. நிறுத்த வேண்டும் என்று மனசுக்குள் எவ்வளவோ பிடித்துப் பார்த்தேன். அரசிலை காற்றில் ஆடுகிற மாதிரி அது பாட்டுக்கு ஆடியது. அர்த்தனாரியின் முகம் ஞாபகம் வந்தது.

நாடி பிடித்துப் பார்த்தாள். தண்ணீரைக் கொடுத்து விழுங்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தாள். "எப்ப இருந்துங்கய்யா இளைக்குது?" என்றாள்.

"இளைக்கலைங்க. பனியன்தான்..." என்று ஆரம்பித்தேன். ராணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

டாக்டரம்மா நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள், நான் என்னமோ படிக்கப் போகிறவன் மாதிரி. "இதுல வேர்க்கறது யாருக்குங்க? பசிக்கறது யாருக்கு? தூக்கம் இல்லாம நடக்கறது? நெஞ்சு அடிச்சுக்கறது? அம்மாவுக்குச் சுரப்பி குறைச்சலாச் சுரக்குது, மாத்திரையில சரியாயிருச்சு. உங்களுக்கு அதே சுரப்பி அளவுக்கு மேல சுரக்குதுன்னு நினைக்கறேன். கோவம், படபடப்பு, எல்லாம் அதோட சேர்ந்துதான் வரும். ரத்தம் பார்த்துட்டுத் தீர்மானமாச் சொல்றேன்."

"அது பொம்பளைச் சீக்குங்களே?"

"பொம்பளைங்களுக்குத்தான் அதிகமா வரும். ஆம்பளைங்ககிட்டப் போகக் கூடாதுன்னு அதுங்கிட்ட யாரும் சொல்லலீங்களே ஐயா."

வருகிற வழியில் காரில் ராணி கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தை 9, புதன்

ரத்தச் சீட்டு வந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னதுதான். எனக்கு ரெண்டு வித மாத்திரை. ஒன்று நெஞ்சுத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் சீக்கிரம் அடக்குமாம். இன்னொன்று சுரப்பியைக் கட்டுப்படுத்துமாம், அது மெள்ளத்தான் வேலை செய்யுமாம். முழுசாக அடங்க ரெண்டு மாசம் ஆகலாம், அதுவரைக்கும் கோபம் வந்து வந்து போகும் என்று சொல்லியிருக்கிறாள்.

பின்னால் போய் ஒரு இடத்தைத் திருத்து. மாட்டுப் பொங்கலன்று. பானை நழுவவில்லை. நான் அவள் கையைத் தள்ளினேன். அங்கே இடம் இல்லாவிட்டால் இங்கேயே இருக்கட்டும்.

தை 13, ஞாயிறு

முதல் மாத்திரை வேலை செய்கிறது. நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த ரேக்ளா வண்டி நின்ற மாதிரி இருக்கிறது. இன்றைக்குத்தான் தெரிகிறது, இவ்வளவு நாள் அது ஓடிக்கொண்டிருந்தது என்று.

பாவாத்தாளிடம் ஒன்று கேட்டேன். கேட்டதையும் அவள் சொன்னதையும் எழுது.

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"மொதல்ல எனக்கும் தெரியாதுங்க. என்னோட சீக்குன்னு நம்பித்தான் எழுத உக்காந்தேன். நாந்தான் கெட்டுப் போயிட்டேனாட்ட இருக்குதுன்னு மனசுக்குள்ள அழுதேன். எழுத எழுதத்தான் தெரிஞ்சுது. அரைஞாண் கயித்தைக் கல்லுல அடிச்சயான்னு கேட்டீங்க பாருங்க, அன்னைக்கு."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நோட்டைக் கிழிச்சு அடுப்புல போட்டிருப்பீங்க. எழுதினா டாக்டரம்மா படிப்பாங்க."

"சந்தேகம் வந்தப்ப ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாமே?"

"ஒண்ணும் கூட்டக் கூடாதுன்னு சொன்னீங்க. படிச்சுக் காட்டும்போது கண்டுபுடிச்சிருவீங்க" என்றாள். பிறகு சொன்னாள், "கூட்டறதுக்கு அவசியமும் இல்லீங்க. நீங்க சொன்னதே போதுமா இருந்துச்சு."

இவளை எட்டாவதோடு நிறுத்தின என் மாமனார் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

தை 22, செவ்வாய்

சந்தைக்குப் போனேன். நேராக அர்த்தனாரியிடம் போனேன். அவனே ஆரம்பித்தான். "வாங்ண்ணா. விரலு மரத்துப் போனவனைத் தேடி வந்திருக்கீங்க."

"மரத்துப் போகலைன்னு அன்னைக்கே ஏண்டா சொல்லலை? கூட்டத்துக்கு முன்னால தப்பைத் தலையில வாங்கிக்கிட்டு..."

"நான் வயசானவன்னு சொன்னா நாலு நாளைக்குச் சிரிப்பாங்க, மறந்துருவாங்க. உங்களுக்கு நாணயம் இல்லைன்னா மறக்க மாட்டாங்களே."

நான் திரும்பி நின்று மாடுகளைப் பார்த்தேன். நல்ல மாடுகள் வந்திருந்தன. அவன், "கை அடங்கற வரைக்கும் பக்கத்துல குந்தி வாயால பேசுங்ண்ணா. சந்தைக்காரங்க இதுவரைக்கும் உங்க வாயைக் கேட்டதே இல்லை, கோவத்துல தவிர" என்றான். எருமை கத்தின அன்றைக்குச் சிரித்த மாதிரி இன்றைக்கும் சந்தை சிரித்தது.

தை 26, சனி

மறுபடியும் வந்துவிட்டது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மோரில் உப்பு இல்லை. அவ்வளவுதான் காரணம். டம்ளரைத் தரையில் அடித்துவிட்டு எழுந்தேன். பாவாத்தாள் பின்னால் போனாள். பாதத்துக் கட்டோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு எட்டு பின்னால் போனாள். கையை முகத்துக்கு முன்னால் தூக்கினாள்.

நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. அவள் என்னைப் பார்த்துப் பின்னால் போனதும் இல்லை. எருமைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சந்தையையே எதிர்த்து நின்றவள்.

டம்ளரை நானே எடுத்தேன். நானே துடைத்தேன். பிறகு ராணிக்குப் போன் போடச் சொல்லி நானே பேசினேன். "அம்மாளை நாளைக்கே கூட்டிட்டுப் போயிரு கண்ணு. ரெண்டு மாசம் உங்கிட்ட இருக்கட்டும்" என்றேன். முன்னே இவளைக் கூட்டிப் போகிறேன் என்று அவள் சொன்னபோது எனக்குப் போனில் சத்தம் கேட்கவில்லை. இப்போது அவள் அழுதது கூட நன்றாகக் கேட்டது.

பாவாத்தாள் இதையும் எழுதுகிறாள்.

தை 27, ஞாயிறு

எழுது புள்ளை. இன்றைக்கு மத்தியானம் கார் வருகிறது. அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

சேலை எல்லாம் பையில் வைத்தாயிற்று. கம்பளியை மறக்காதே, ராணி வீட்டில் ஏசி ஓடும். உன் தைராய்டு மாத்திரை பையின் பக்கவாட்டில் இருக்கிறது. பாதத்துக்குப் போடுகிற மருந்தும் அங்கேதான். என்னுடைய மாத்திரையைப் பற்றிக் கவலைப்படாதே. வட்டமானது காலையில், நீளமானது காலையிலும் பொழுது சாய்ந்ததும். எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் வட்டமும் நீளமும் தெரியும். அர்த்தனாரி தினமும் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். மோருக்குத்தான் வழியில்லை, அவன் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் போகச் சொல்கிறேன் என்று உனக்குக் கோபம் இருக்கும். எழுதும்போது பேனாவை அழுத்துகிறாய், தெரிகிறது. டாக்டரம்மா இது சுரப்பி செய்கிற வேலை, நீங்கள் செய்வது இல்லை என்றாள். இருக்கலாம், படித்தவள் சொல்கிறாள். ஆனால் பானையைத் தள்ளின கை என்னுடையது. அந்தக் கை அடங்கியது என்று எனக்கே நிச்சயமாகத் தெரிகிற வரைக்கும் நீ அதற்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். அடங்கினதும் நானே வந்து கூட்டிக்கொள்வேன். பஸ்ஸில் வருவேன். கோயமுத்தூர் பஸ் எது என்று கேட்டால் யாரும் சொல்வார்கள்.

நீ போனால் எழுத ஆள் இல்லை. ஆகையால் நோட்டு இன்றோடு முடிகிறது. பாவாத்தாளுக்கு என்ன செய்கிறது என்று எழுதத்தான் வாங்கினோம். அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. புருசன்தான் செய்தான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள். பாவாத்தா,

இதற்கு மேல் நான் எழுதவில்லை. அவர் சொன்னார். அது டாக்டரம்மா படிக்கிறதுக்குச் சொன்னது இல்லை, எனக்குச் சொன்னது. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன். படித்துக் காட்டு என்றார். எழுதவில்லை என்றேன். இத்தனை மாசத்தில் முதல் தடவையாக, சொன்னதைச் செய்யாததற்கு என்னைத் திட்டவில்லை.

பிறகு ராணிக்கு நான் போன் போட்டேன். கார் வேண்டாம் கண்ணு, நான் வரலை, அப்பாவுக்குக் கோவம் வந்தா நான் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய் இருந்துட்டு வர்றேன், அது அடங்கறதுக்குள்ள மோர் கூடப் புளிக்காது என்று சொல்லிவிட்டேன்.

இவருக்கு இன்னும் சொல்லவில்லை. காருக்காகக் காத்திருந்தவர், என் பையின் மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டார். எத்தனையோ மாசம் கழித்துப் பட்டப்பகலில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். எழுந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

பாவாத்தாள்